செலக்டர் ஷாஃப்டை உருவியதும் விழுந்த அந்தச் சின்னப் பின்

பழைய காரின் கியர்பாக்ஸ் மேல்மூடியில் செலக்டர் ஷாஃப்டை (கியர் மாற்றும்போது முன்னும் பின்னும் நகரும் தண்டு) உருவியபோது, இரண்டு முனையும் உருண்டையான ஒரு குட்டி இரும்புப் பின் விழுந்தது, கூட ஸ்பிரிங் எதுவும் இல்லை என்கிறீர்கள். நீங்கள் சொல்வதை வைத்துப் பார்த்தால் அது இன்டர்லாக் பின். அதைப் போடாமல் மட்டும் மூடிவிடாதீர்கள். ஒரே நேரத்தில் இரண்டு கியர் விழாமல் தடுப்பது அதுதான். அது இல்லாவிட்டால் ஓடும்போதே கியர்பாக்ஸ் இறுகி, பல் உடையலாம்.

ஸ்பிரிங்கோடு வரும் குண்டு வேறு, அது ஷாஃப்டை அந்தந்தக் கியரில் பிடித்து நிறுத்துவதற்கு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூன்று ஷாஃப்ட் உள்ள மூடி என்றால் நடு ஷாஃப்டைப் பாருங்கள். குறுக்கே ஒரு துளை இருந்தால், மெல்லிய பின் அதற்குள் போகும். பக்கத்து ஷாஃப்டுகளுக்கு இடையே உள்ள துளைகளில் தனியாகக் குண்டோ தடித்த பின்னோ இருக்கும். அதையும் தேடுங்கள், பெரும்பாலும் பழைய ஆயிலோடு அடியில் ஒட்டிக்கிடக்கும்.

மாட்டும்போது எல்லா ஷாஃப்டும் நியூட்ரலில், அவற்றில் பின் உட்காரும் பள்ளங்கள் நேருக்கு நேர் இருக்க வேண்டும். பின்னில் கொஞ்சம் கிரீஸ் தடவினால் நழுவாது. ஷாஃப்டைச் சுத்தியலால் தட்டி ஏற்ற வேண்டிய நிலை வந்தால் நிறுத்துங்கள், ஏதோ ஒன்று இடம் மாறியிருக்கிறது.

அப்புறம், மூடியைப் பொருத்தும் முன் ஒரு ஷாஃப்டைக் கியருக்குத் தள்ளிவிட்டு மற்றவற்றை அசைத்துப் பாருங்கள். அவை கியருக்குள் போகக் கூடாது. ஒவ்வொன்றாக மூன்றிலும் செய்யுங்கள். போனால் பின் தேய்ந்திருக்கும், அல்லது ஒன்று விடுபட்டிருக்கும்.