ஓட்டைப் பிரிக்கும் முன் பள்ளத் தகட்டைப் பாருங்கள்

மூன்று வருடத்துக்கு முன் நல்ல விலை கொடுத்து ஓடு மாற்றியும் முற்றத்து மூலையில் ஒழுகுகிறது, முழுக்கப் பிரிக்க வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். அவசரப்படாதீர்கள். இரண்டு சாய்வும் சேரும் பள்ளத்தில் உள்ள தகட்டை முதலில் பாருங்கள். அங்கே சருகு அடைத்தால் தண்ணீர் தகட்டின் ஓரம் ஏறி ஓட்டுக்கு அடியில் புகுந்துவிடும். ஓட்டைத் தாங்கும் சாய்வு மரமான கைமரத்தோடு வழிந்து நாலடி தள்ளிக்கூடச் சொட்டும். அதனால் கறைக்கு நேர்மேலே மட்டும் தேடாதீர்கள். தகடு செம்பு என்றால் இரும்பு ஆணி வேண்டாம், ஆணி சீக்கிரம் அரித்துவிடும்.

விரிசல் விட்ட ஓட்டில் சிமெண்ட் பூசுவது வீண், மாற்றிவிடுங்கள். புது ஓட்டைத் தட்டிப் பாருங்கள். கணீரென்றால் நன்றாக வெந்தது, மொத்தென்றால் திருப்பிக் கொடுங்கள். அப்புறம், ஆட்களைப் பலகை போட்டு ஏறச் சொல்லுங்கள். எங்கள் வீட்டில் பழுது பார்க்க வந்தவர் மிதித்து உடைத்ததுதான் அதிகம்.