குளவி விட்ட காட்டில் மருந்து அடிக்கலாமா?

கேள்வி: ராசிபுரம் பக்கம் 2 ஏக்கரில் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) வைத்திருக்கிறேன். 5 மாதப் பயிர். மாவுப்பூச்சிக்காக ஒட்டுண்ணிக் குளவி வாங்கி விட்டு 20 நாள் ஆகிறது. குருத்து இன்னும் சுருண்டுதான் இருக்கிறது. புரோபனோபாஸும் இமிடாகுளோபிரிடும் கலந்து அடிக்கச் சொல்கிறார் கடைக்காரர். அடித்தால் குளவி செத்துவிடுமா ஐயா?

பதில்: சாகும். அதுவும் இந்த நேரத்தில் அடித்தால் மொத்தமாகப் போய்விடும். மாவுப்பூச்சியின் உடம்புக்குள் வைத்த முட்டை குளவியாகி வெளியே வர இரண்டிலிருந்து மூன்று வாரம் ஆகும். நீங்கள் விட்ட குளவிகளின் பிள்ளைகள் இப்போதுதான் வெளிவருகின்றன. எண்ணிக்கை பெருக வேண்டிய நேரத்தில் டேங்க்கைத் தோளில் மாட்டாதீர்கள்.

மாவுப்பூச்சிக்கு மேலே மெழுகுப் போர்வை, ஒளிந்துகொள்ளச் சுருண்ட இலை. மருந்து அரைகுறையாகத்தான் படும். குளவிக்கு இந்தப் பாதுகாப்பு எதுவும் கிடையாது. கொசுவைவிடச் சின்ன உடம்பு, நாளெல்லாம் இலைமேல் நடந்தே தேடும். மருந்து காய்ந்த இலையில் நடந்தாலே போதும். செத்த மாவுப்பூச்சியின் தோலே குளவிக் குஞ்சுக்குக் கூடு; அதற்குள் இருப்பது கொஞ்சம் தப்பும். ஆனால் வெளியே வரும்போது மருந்து படிந்த தோலைக் கடித்துத்தானே வர வேண்டும்!

இமிடாகுளோபிரிட் ஊடுருவிப் பாயும் மருந்து. சாற்றோடு ஏறி, மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புத் திரவத்திலும் வந்துவிடும். குளவி அதைத்தான் நக்கிக் குடிக்கும். இதே வகையைச் சேர்ந்த தயாமீதாக்சம் என்ற மருந்து போட்ட எலுமிச்சை வகை மரங்களில், நம் குளவிக்கு நெருங்கிய உறவான வேறொரு குளவி அப்படிச் செத்ததை ஸ்பெயினில் ஆராய்ந்து 2019-இல் எழுதியிருக்கிறார்கள். உடனே சாகாத குளவியும் சரியாகத் தேடாது, முட்டையும் குறைத்தே வைக்கும்.

மாவுப்பூச்சி அப்படியில்லை. இந்த இனத்தில் ஆணே தேவையில்லை. தப்பிய ஒன்று தனியாகவே நூற்றுக்கணக்கில் முட்டை வைக்கும். அடித்த மூன்றாவது வாரம் பழையபடி வெள்ளை பூத்திருக்கும், குளவி மட்டும் இருக்காது. ஆப்பிரிக்காவில் இந்தப் பூச்சியை அடக்கியது 1981-இல் நைஜீரியாவில் விட்ட இதே குளவிதான். நமக்கு அது பெனின் நாட்டிலிருந்து வந்தது. 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் விட்டார்கள்.

சரி, இப்போது என்ன செய்வது? காட்டில் பல இடங்களில் இருபது குருத்தைக் கிள்ளி, அகலமான பாட்டிலில் போட்டு வாயில் மெல்லிய துணியைக் கட்டி நிழலில் வையுங்கள். அதில் உள்ள மாவுப்பூச்சிகளில் மாவு இல்லாமல் பழுப்பாக, உப்பி, கெட்டியாக இருப்பவை குளவி இருக்கும் கூடுகள். உருண்டையான ஓட்டை தெரிந்தால் குளவி போய்விட்டது என்று அர்த்தம். இவை கண்ணில் பட்டால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள்.

மனசு கேட்கவில்லையென்றால், மோசமான செடிகளில் மட்டும் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள், அல்லது மீன் எண்ணெய் சோப்புக் கரைசல் லிட்டருக்கு 25 கிராம் அடியுங்கள். அது நேரடியாகப் பட்டால்தான் கொல்லும். காய்ந்த பிறகு வரும் குளவிக்குப் பயமில்லை. எறும்புப் புற்று இருந்தால் கலைத்துவிடுங்கள், அவை குளவியை விரட்டும். பக்கத்துக் காட்டுக்காரர் அடிக்கும் நாளையும் கேட்டு வையுங்கள், காற்றில் வருவதும் கொல்லும்.

இமிடாகுளோபிரிடைத்தான் பயன்படுத்துவேன் என்றால் அடுத்த போகம் கரணை நேர்த்திக்கு (நடும் குச்சித் துண்டை மருந்தில் நனைப்பதற்கு) வைத்துக்கொள்ளுங்கள். நடவு நேரத்தில் காட்டில் குளவிக்கு வேலை இருக்காது. பாட்டிலில் மூன்று வாரம் கழித்தும் ஒரு குளவிகூட வரவில்லையென்றால் மறுபடி எழுதுங்கள். குளவி வாங்கி எத்தனை நாள் கழித்து விட்டீர்கள், அதற்கு முன்னால் கடைசியாக என்ன மருந்து அடித்தீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.