நாலு வழக்கு இருந்தும் ஜாமீனா?

கேள்வி: எங்கள் தெருவில் ஒருவரை அரிவாளால் வெட்டியவன்மீது ஏற்கெனவே நாலு அடிதடி வழக்குகள். மூன்றே மாதத்தில் வெளியே வந்து டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான். எப்படி வக்கீல் சார்?

பதில்: மூன்று மாதம் என்றால், குற்றப்பத்திரிகை தாமதம்தான் காரணமாக இருக்கும். கொலை முயற்சி போன்ற வழக்கில் ரிமாண்டிலிருந்து 90 நாளுக்குள், சிறிய குற்றங்களில் 60 நாளுக்குள் போலீஸ் அதைக் கோர்ட்டில் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால், பிணைதாரர்களோடு மனுப்போடும் கைதிக்கு, பழைய வழக்குகளைக் காட்டி நீதிபதி ஜாமீன் மறுக்க முடியாது. இந்த உரிமை வேண்டும். இல்லாவிட்டால் அப்பாவிகள் வருஷக்கணக்கில் உள்ளே கிடப்பார்கள். தடய அறிவியல் அறிக்கை வரவில்லை என்று போலீஸ் கோப்பைக் கட்டி வைப்பதுதான் எனக்குக் கோபம். அறிக்கையைப் பின்னாலும் சேர்க்கலாமே! சரி, அவன் சாட்சியை மிரட்டினால் உடனே எழுத்தில் புகார் கொடுங்கள். ஜாமீனை ரத்து செய்யக் கேட்கலாம்.