கோம்பை இன நாய்க்குட்டி கூப்பிட்டால் வரவில்லையே, என்ன செய்வது?

3 மாதக் குட்டி, பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறது, ஆனால் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். பார்க்கிறதே, பாதி வேலை முடிந்தது.

முதலில் வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்லுங்கள். எங்கள் கம்பத்து வீட்டில் நான் 'வா' என்பேன், குமுளியிலிருந்து வந்த மருமகள் மலையாளத்தில் 'இங்ஙோட்டு வா' என்பாள். குட்டி நடுவில் நின்று வாலாட்டும்.

நின்றுகொண்டு கத்தாதீர்கள். குத்தவைத்து உட்கார்ந்து ஒரே ஒருமுறை கூப்பிடுங்கள். வராவிட்டால் எதிர்ப்பக்கம் ஓடுங்கள், துரத்தி வரும். வந்ததும் கழுத்துப்பட்டையைப் பிடித்தபடி, வேகவைத்த கோழி ஈரலில் கடலை அளவு கொடுத்து, உடனே விளையாட விட்டுவிடுங்கள். இந்த விட்டுவிடுவதில்தான் சூட்சுமமே இருக்கிறது. குளிப்பாட்டவும் கட்டிப்போடவும் மட்டுமே கூப்பிட்டால் எந்த நாய் வரும்? அதற்கெல்லாம் நீங்களே போய்த் தூக்கி வாருங்கள். 10 நிமிஷம் கழித்து வந்தாலும் அடிக்காதீர்கள். வந்ததற்குத்தான் அடி என்று நினைத்துக்கொள்ளும்.

தோப்பில் பழக்கும்போது 10 மீட்டர் கயிறு கட்டுங்கள். கோம்பை வேட்டைக்கு வளர்த்த இனம், ஓணான் ஓடினால் உங்கள் குரல் காதில் ஏறாது. கயிற்றைப் போட்டு இழுக்க வேண்டாம், நுனி கையில் இருந்தால் போதும்.