பேட்டரி புதுசு, ஆனாலும் ராத்திரி ஃபிரிட்ஜ் நிற்கிறதா?

ஆஸ்திரேலியாவின் ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் வழியில் ராத்திரி வேன் ஃபிரிட்ஜ் நின்றுவிடுகிறது, 100 ஏஎச் (ஆம்பியர்-ஹவர்) பேட்டரி புதுசு என்கிறீர்கள். எனக்கு வயர் மேல்தான் சந்தேகம். கம்ப்ரஸர் ஓடும்போதே மல்ட்டிமீட்டரால் பேட்டரி முனையிலும் ஃபிரிட்ஜ் பிளக்கிலும் அளந்து பாருங்கள். அங்கே 12.4, இங்கே 11.6 வோல்ட் என்றால் நடுவழியில் இழப்பு. பேட்டரி தீர்ந்ததாக நினைத்து ஃபிரிட்ஜ் நின்றுவிடும்.

ஆஸ்திரேலியக் கடைகளில் '6 மி.மீ.' ஆட்டோ கேபிள் என்பது மேலுறையோடு சேர்த்த விட்டம். உள்ளே செம்பு சுமார் 4.5 சதுர மி.மீ.தான். நிறையப் பேர் ஏமாறும் இடம் இது. 8 பி அண்ட் எஸ் (வயர் தடிமனுக்கான ஓர் அளவுமுறை) வயர் இழுங்கள், சுமார் 8 சதுர மி.மீ. வரும். பேட்டரியை ஒட்டியே 20 ஆம்ப் ஃபியூஸ் போடுங்கள். சிகரெட் லைட்டர் சாக்கெட்டையும் கழற்றிவிட்டு ஆண்டர்சன் பிளக் (இறுக்கமாகப் பிடிக்கும் கனமான இணைப்பு) போடுங்கள். அலையலையான மண்சாலையில் அந்த சாக்கெட் தளர்ந்து, முனை சூடேறிக் கருகும். அதுவரை ஃபிரிட்ஜின் கட்-ஆஃபை, அதாவது எந்த வோல்ட்டில் அது தானாக நிற்கும் என்ற அமைப்பை, 'லோ'வில் வையுங்கள்.