அலுவலகத்துக்கு எந்த நெட்வொர்க்? கேட்டவர்களுக்குப் பதில்கள்

கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் அலுவலகங்களுக்குக் கேபிள் இழுத்து, சர்வர் (எல்லாருக்கும் ஃபைல் கொடுக்கும் பொதுக் கம்ப்யூட்டர்) அமைத்துத் தருவது என் தொழில். வந்த கேள்விகளுக்கு வரிசையாகப் பதில் சொல்கிறேன். எல்லாருக்கும் பொதுவாக ஒன்று: எந்த கம்பெனி சுவிட்ச் (கம்ப்யூட்டர் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் பெட்டி) வாங்கலாம் என்று கேட்கும் முன், உங்கள் ஃபைல்கள் இப்போது எந்த கம்ப்யூட்டரில் இருக்கின்றன என்று பாருங்கள். மற்ற முடிவெல்லாம் அதற்குப் பிறகுதான்.

கேள்வி: ஈரோட்டுல சின்ன ஆடிட்டர் ஆபீஸ் சார். ஆறு சிஸ்டம். ஒவ்வொண்ணுலயும் ஃபோல்டர் ஷேர் போட்டு ஓட்டறோம். சர்வர் வாங்கச் சொல்றாங்க, தேவையா?

ஆறு பேருக்காக விண்டோஸ் சர்வர் உரிமம் வாங்க வேண்டியதில்லை. ஆனால் இப்போது ஓட்டுகிற முறையையும் விட்டுவிடுங்கள். எல்லாக் கம்ப்யூட்டரும் ஒன்றுக்கொன்று கொடுத்து வாங்கும் இந்த ஏற்பாட்டுக்குப் பியர் டு பியர் என்று பெயர். வேகம் போதவில்லை என்று யாரும் இதில் குறை சொல்வதில்லை. எது எங்கே இருக்கிறது என்று ஒருவருக்கும் தெரியாமல் போவதுதான் சிக்கல். ஒரே கட்சிக்காரரின் பேலன்ஸ் ஷீட் மூன்று கம்ப்யூட்டரில் மூன்று விதமாகக் கிடக்கும். ஒருவர் சிஸ்டத்தை அணைத்துவிட்டுச் சாப்பிடப் போனால் இன்னொருவர் வேலை நிற்கும்.

ஒரு அலுவலகத்தில் நான் நேரில் பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் போன பிறகுதான் பழைய ஆண்டுகளின் கணக்கெல்லாம் அந்த ஒரு கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தது தெரிந்தது. அந்த அலுவலகப் பெரியவர் முகம் இன்னும் எனக்கு மறக்கவில்லை.

உங்களுக்கு இரண்டு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் நேராகச் சேரும் டிஸ்க் பெட்டி) ஒன்று போதும். ஃபைல் எல்லாம் அதில். ஆளுக்கு ஒரு பாஸ்வேர்ட். இரண்டு டிஸ்கிலும் ஒரே டேட்டா எழுதும்படி அமைத்தால், ஒரு டிஸ்க் போனாலும் மற்றது காப்பாற்றும். ஆனால் அதை பேக்கப் என்று நினைக்காதீர்கள். நீங்கள் தவறி அழித்தால் இரண்டிலும் சேர்ந்தே அழியும். கப்பம் கேட்கும் வைரஸ் வந்தால் இரண்டும் சேர்ந்தே பூட்டிக்கொள்ளும். 2017 மே மாதம் உலகம் முழுக்கப் பரவிய வானாக்ரை என்ற அப்படிப்பட்ட வைரஸ், ஃபோல்டர் ஷேருக்கு விண்டோஸ் பயன்படுத்தும் எஸ்எம்பி என்ற முறையின் முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் தாவியது. அதனால் வெளி டிஸ்க் இரண்டு வாங்கி, மாற்றி மாற்றி நகல் எடுத்து, எடுத்ததும் கழற்றி ஒன்றை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள்.

கேள்வி: அண்ணா, திருப்பூர்ல எக்ஸ்போர்ட் யூனிட். 28 சிஸ்டம். நல்ல கம்ப்யூட்டர் ஒண்ணை மெயினா வச்சு ஷேர் போட்டிருக்கோம். காலையில சிலருக்கு மட்டும் கனெக்ட் ஆக மாட்டேங்குது.

கேபிளைச் சந்தேகிக்க வேண்டாம் தம்பி. சாதாரண விண்டோஸ் 10, 11 இரண்டிலும் ஒரே நேரத்தில் 20 இணைப்புக்குத்தான் அனுமதி. காலையில் தாமதமாக வருகிறவர்களுக்கு இடம் இருக்காது.

நீங்கள் கிளையன்ட் சர்வர் முறைக்கு (ஒரு சர்வர் கொடுக்க, மற்ற கம்ப்யூட்டர்கள் வாங்கும் முறை) வந்தாக வேண்டிய அளவு இது. டொமைன் (எல்லார் கணக்கையும் பாஸ்வேர்டையும் சர்வரில் ஒரே இடத்தில் வைக்கும் ஏற்பாடு) வைத்தால் மெர்ச்சண்டைசர் ஒருவர் வேலையை விட்டுப் போகும் அன்றே அவர் கணக்கை ஒரே இடத்தில் மூடிவிடலாம். இப்போது 28 இடத்தில் தேட வேண்டியிருக்கும். ஒன்றைக் கவனியுங்கள்: விண்டோஸ் ஹோம் பதிப்பு டொமைனில் சேராது, புரோ வேண்டும். அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். லினக்ஸ் தெரிந்த ஆள் கையில் இருந்தால் சாம்பா என்ற இலவச மென்பொருளை வைத்து சர்வர் உரிமச் செலவில்லாமலே செய்யலாம். ஆள் இல்லாமல் அதில் இறங்காதீர்கள்.

சர்வர் நின்றால் 28 பேரும் நிற்பார்கள் என்பது உண்மை. அதனால் சர்வருக்கும் சுவிட்சுக்கும் தனி யுபிஎஸ் கட்டாயம்.

கேள்வி: சென்னையில் புது வாடகை ஆபீஸ், 12 பேர். சுவரில் துளை போட ஓனர் சம்மதிக்கவில்லை. வைஃபை மட்டும் போதுமா?

மெயிலும் பிரவுசரும் மட்டும் என்றால் போதும். பகிர்ந்த ஃபோல்டரில் நேராக எழுதும் கணக்கு மென்பொருள் ஓடுகிறது என்றால், அந்த மேசைகளுக்காவது கேபிள் கொடுங்கள். வைஃபையில் ஒரு சேனலில் (ஒரு அலைவரிசையில்) பெரும்பாலும் ஒரு நேரத்தில் ஒரு கருவிதான் பேச முடியும், மற்றவை காத்திருக்கும். பக்கத்து அலுவலக வைஃபையும் அதே காற்றில்தான் இருக்கிறது. பதிவு நடக்கும் நடுவில் இணைப்பு அறுந்தால் டேட்டா கெட்டுப்போகலாம். சுவரைத் தொடாமல், தரையோரம் பிளாஸ்டிக் கேசிங் ஒட்டி அதற்குள் கேபிள் விடலாம். காலி செய்யும்போது கழற்றிக்கொள்ளலாம்.

கேள்வி: நெட்வொர்க் கேபிளில் கேட் 5இ தரம் போதுமா, கேட் 6 வேண்டுமா?

கேட் 6. ஆனால் அதைவிட முக்கியம் முழுச் செம்பா என்பது. அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய கேபிள் சந்தையில் மலிவாகக் கிடைக்கிறது. ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிந்தால் திருப்பிக் கொடுங்கள். ஒரே இழுப்பு 100 மீட்டரைத் தாண்டக் கூடாது. இன்னொன்று: ஜிகாபிட் ஓட நான்கு ஜோடிக் கம்பியும் சரியாக இருக்க வேண்டும், 100 மெகாபிட்டுக்கு இரண்டு ஜோடி போதும். கிரிம்பிங் (முனையில் பிளக் பொருத்துவது) சரியில்லாத கேபிள் அதனால்தான் வேலை செய்வதுபோலவே இருந்து மெதுவாக ஓடும்.

கேள்வி: சிவகாசியில் அச்சகம். ஆபீசுக்கும் பின் கட்டடத்துக்கும் 140 மீட்டர். நடுவில் ஒரு சுவிட்ச் போட்டால் சரியாகிவிடுமா? போன மழையில் இரண்டு பக்கமும் சுவிட்ச் எரிந்துவிட்டது.

ஐயா, தூரத்துக்கு நடுவில் சுவிட்ச் போட்டால் ஓடும். ஆனால் உங்கள் சுவிட்சை எரித்தது தூரம் இல்லை. இரண்டு கட்டடத்துக்கும் எர்த்திங் தனித்தனி. இடையில் செம்புக் கம்பி போனால், அருகில் இடி விழும்போது அந்த அழுத்தம் கம்பி வழியாகவே இரண்டு பக்கமும் பாயும். ஃபைபர் கண்ணாடி இழை, மின்சாரத்தைக் கடத்தாது. சிங்கிள் மோட் ஃபைபர் இழுத்து, இரண்டு முனையிலும் மீடியா கன்வர்ட்டர் (ஃபைபரின் ஒளியைச் செம்புக் கேபிளுக்கு மாற்றும் பெட்டி) வையுங்கள். உலோகக் கம்பியோ கவசமோ இல்லாத கேபிளாகக் கேட்டு வாங்குங்கள், அது இருந்தால் பழைய கதைதான்.

கேள்வி: பாலிடெக்னிக் மாணவி. நெட்வொர்க்கை இணைக்கும் வடிவங்களில் பஸ், ரிங், மெஷ் எல்லாம் படிக்கிறோம். வெளியில் இப்போது எது இருக்கிறது?

அலுவலகக் கேபிளில் ஸ்டார்தான் அம்மா, அதாவது ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நடுச் சுவிட்சிலிருந்து தனிக் கேபிள். பஸ் முறையில் ஒரே கோஆக்சியல் கேபிள் எல்லாக் கம்ப்யூட்டரையும் தொட்டுச் செல்லும். மெல்லிய வகையில் 185 மீட்டர், 30 இணைப்பு வரை. இரண்டு முனையிலும் 50 ஓம் டெர்மினேட்டர் (சிக்னல் திரும்பி வராமல் தடுக்கும் மூடி) இருக்க வேண்டும். ஒருவர் காலில் தட்டி ஒரு மூட்டு கழன்றால் மொத்த அலுவலகமும் நிற்கும். 1990ல் முறுக்குக் கம்பியில் ஓடும் ஈதர்நெட்டுக்கான தரம் வந்தது. மேசைக்கு ஒரு கேபிள் என்றானபோது, ஒன்று அறுந்தால் ஒருவருக்கு மட்டும்தான் நஷ்டம்.

ஒவ்வொரு கம்ப்யூட்டரும் மற்ற எல்லாவற்றோடும் நேராக இணையும் முழு மெஷ் ஏன் அலுவலகத்தில் இல்லை என்று நீங்களே போட்டுப் பாருங்கள்: 10 கம்ப்யூட்டருக்கு 45 கேபிள்.

கேள்வி: கேமரா, விருந்தாளி வைஃபை, அக்கவுண்ட்ஸ் மூன்றும் ஒரே சுவிட்சில். பிரிக்கணுமா?

பிரிக்க வேண்டும். தனித்தனிச் சுவிட்ச் வாங்க வேண்டாம்; விலான் (ஒரே சுவிட்சைத் தனித்தனி நெட்வொர்க்குகளாகப் பிரிக்கும் வசதி) தெரிந்த ஒரு மேனேஜ்டு சுவிட்சும் (நாமே அமைப்புகளை மாற்றக்கூடியது), விலான்களுக்கு நடுவே தடை போடத் தெரிந்த ரவுட்டரும் போதும்.

கேள்வி: வாரத்துக்கு ஒருமுறை ஆபீஸ் முழுக்க நெட்வொர்க் படுத்துவிடுகிறது. சுவிட்சில் எல்லா விளக்கும் ஒன்றாகத் துடிக்கிறது. அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகிறது.

மேசை மேல் யாராவது சின்னச் சுவிட்ச் வைத்திருக்கிறார்களா பாருங்கள். தொங்கும் கேபிள் ஒன்றின் இரண்டு முனையும் அதிலேயே செருகப்பட்டிருக்கும். ஒரே செய்தி முடிவில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தால் விளக்கு அப்படித்தான் துடிக்கும். வாராவாரம் வருவதால், கூட்டிப் பெருக்கும்போது கழன்று விழும் கேபிளை யாரோ நல்ல மனதோடு மறுபடி செருகுகிறார்கள் என்று நினைக்கிறேன். அவரைத் திட்டாதீர்கள். எல்லா முனையிலும் எண் ஒட்டி, தேவையில்லாத கேபிளைக் கழற்றி எடுத்துவிடுங்கள்.