கட்டிலடியில் ஒதுங்கும் பூனை: நோயை எப்படிக் கண்டுகொள்வது?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து வருடமாக ஒரு கடுவன் பூனை இருந்தது. சென்ற மாதம் ஒரு நாள், மணல் தட்டில் போய்ப் போய் உட்கார்ந்து முக்கியது. மலச்சிக்கல் என்று நினைத்து, தெரிந்தவர்கள் சொன்னபடி விளக்கெண்ணெய் புகட்டினோம். மறுநாள் கட்டிலடியில் போய்ப் படுத்துக்கொண்டது. சாப்பிடவில்லை. தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டோம். மூன்றாம் நாள் காலையில் இறந்து கிடந்தது. உடம்பு சுடவில்லை, அடிபடவில்லை, தடவிக் கொடுத்தபோது எப்போதும் போல ‘குர்ர்’ என்றுகூடச் சொன்னது. இப்போது என் மகள் இரண்டு மாதக் குட்டி ஒன்றைத் தூக்கி வந்திருக்கிறாள். பூனைக்கு உடம்பு சரியில்லை என்பதை எதை வைத்துத் தெரிந்துகொள்வது? எப்போது மருத்துவரிடம் ஓட வேண்டும்?
வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, நீங்கள் எழுதியிருப்பதைப் படித்தால், உங்கள் பூனைக்குச் சிறுநீர் அடைத்திருக்க வேண்டும் என்றே தோன்றுகிறது. மலச்சிக்கலுக்கு முக்குவதும் சிறுநீர் அடைப்புக்கு முக்குவதும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். பல ஆண்டுகளாகப் பூனைகளுக்கு வைத்தியம் பார்க்கும் நானும், தொலைபேசியில் ‘முக்குகிறது’ என்று சொன்னால் இரண்டில் எது என்று சொல்ல மாட்டேன். வயிற்றைத் தொட்டுப் பார்த்தால்தான் தெரியும். ஆகவே உங்களை நீங்களே குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டாம். ஆனால் இனி வளரப்போகும் குட்டிக்காக இதை முழுதாகத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடுவன் பூனையின் சிறுநீர்க் குழாய் நுனிக்கு வர வர மிகவும் குறுகிப் போகும். சிறுநீரில் உப்புகள் நுண்மணலாகப் படிந்து, சளி போன்ற கசடோடு சேர்ந்து அந்த நுனியில் அடைத்துக்கொள்ளும். சில பூனைகளுக்கு அடைக்கும் பொருளே இருக்காது. குழாய் வீங்கி, தசை இறுகி, வழி மூடிவிடும். சிறுநீர்ப்பை நிரம்பி நிற்கும். ஒரு நாளைக்குள் கழிவுகள் இரத்தத்தில் ஏறத் தொடங்கும். அவற்றில் உயிரைக் கொண்டுபோவது பொட்டாசியம். அது கூடக் கூட இதயத் துடிப்பு தடுமாறி, மெதுவாகி, கடைசியில் நின்றுவிடும். அடைப்பை எடுக்காவிட்டால் இரண்டு மூன்று நாளில் முடிந்துவிடும். நீங்கள் சொன்ன கணக்கும் அதுதான்.

ஒரு முறை மளிகைக் கூடையில் துண்டு சுற்றி ஒரு பூனையைக் கொண்டுவந்தார்கள். ‘இரண்டு நாளாக வெளிக்குப் போகவில்லை’ என்றார்கள். அடிவயிற்றில் கை வைத்தேன். நல்ல ஆரஞ்சுப் பழ அளவில், கல்லாக இறுகிய சிறுநீர்ப்பை கைக்குத் தட்டுப்பட்டது. பயந்துபோன பூனைக்கு நிமிடத்துக்கு இருநூறை நெருங்கித் துடிக்க வேண்டிய இதயம், நூறுக்கும் கீழே துடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பூனை பிழைத்தது. குழாய் போட்டு அடைப்பை நீக்கி, நரம்பு வழியாகத் திரவம் ஏற்றி, மூன்று நாள் வைத்திருந்தோம். இன்னும் அரை நாள் தாமதித்திருந்தால் பிழைத்திருக்காது என்று உறுதியாகச் சொல்வேன்.

கடுவன் பூனை திரும்பத் திரும்பத் தட்டுக்குப் போகிறது, சொட்டுச் சொட்டாக வருகிறது அல்லது வரவே இல்லை, உட்கார்ந்து கத்துகிறது, பின்கால்களுக்கு இடையே ஓயாமல் நக்குகிறது என்றால், இரவு பன்னிரண்டு மணியானாலும் கிளம்பிவிடுங்கள். வயிற்றை அமுக்கிப் பார்க்காதீர்கள். நிரம்பிய பை கிழிந்துவிடும். எண்ணெய் புகட்டாதீர்கள், திமிறும் பூனைக்கு வாயில் ஊற்றும் எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கினால் அது தனி நோயாகிவிடும். தட்டை விட்டுவிட்டுக் குளியலறை ஓரத்தில், கோணிப் பையின் மேல் என்று கண்ட இடத்தில் சிறுநீர் கழிப்பதும் பல நேரம் எரிச்சலின் அறிகுறிதான். அதைச் சேட்டை என்று நினைத்து அடிப்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் வலிக்கிறது. பெண் பூனைக்கு முழு அடைப்பு அரிது, ஆனால் எரிச்சலும் வலியும் அதற்கும் உண்டு.

இதனால்தான் பூனை வளர்ப்பவர்களிடம், முகத்தைப் பார்ப்பதற்கு முன் மணல் தட்டைப் பாருங்கள் என்று சொல்கிறேன். அள்ளும்போது எண்ணுங்கள். நன்றாக இருக்கும் பெரிய பூனை ஒரு நாளில் இரண்டு முதல் நான்கு முறை சிறுநீர் கழிக்கும். மணலில் திரளும் கட்டிகள் சின்னச் சின்னதாகப் பெருகினால் எரிச்சல். கட்டியே இல்லை என்றால் ஆபத்து. திடீரெனப் பெரிது பெரிதாகத் திரண்டால் சிறுநீரகக் கோளாறோ சர்க்கரை நோயோ இருக்கலாம். மூன்றையும் ஒரு கரண்டி சொல்லிவிடும்.

நீங்கள் ‘தொந்தரவு செய்ய வேண்டாம் என்று விட்டுவிட்டோம்’ என்று எழுதியிருந்தீர்கள். பூனை விஷயத்தில் பெரும்பாலோர் சறுக்கும் இடம் இதுதான். பூனை எலியை வேட்டையாடும் விலங்கு. அதே நேரம் தன்னைவிடப் பெரிய விலங்குக்கு இரையும்கூட. நோஞ்சானாகத் தெரிந்தால் அதன் கதை முடிந்தது. நம் வீட்டுப் பூனைகள் பாலைவனக் காட்டுப்பூனையின் வழி வந்தவை. நோயை மறைக்கும் பழக்கம் ஆயிரக்கணக்கான ஆண்டு வீட்டு வாழ்க்கைக்குப் பிறகும் போகவில்லை. நாய் நொண்டிக்கொண்டே வந்து நம் காலடியில் படுக்கும். பூனை ஒதுங்கிவிடும். பீரோவின் மேல், பரணில், கட்டிலடியில் வழக்கமில்லாத இடத்தில் ஒடுங்கிய பூனை ஓய்வெடுக்கிறது என்று எண்ணாதீர்கள். ‘குர்ர்’ என்ற ஓசையையும் நம்பாதீர்கள். மகிழ்ச்சியில் எழுப்பும் அதே ஓசையைப் பூனை கடும் வலியிலும், சாகும் தறுவாயிலும் எழுப்பும்.

வலியை முகத்தில் படிக்க ஒரு வழி இருக்கிறது. கனடாவின் மாண்ட்ரியல் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2019இல் பூனையின் முகத்தில் ஐந்து இடங்களைக் குறித்து ஓர் அளவுகோல் வெளியிட்டார்கள். காது, கண், மூக்கும் வாயும் சேர்ந்த பகுதி, மீசை, தலையின் நிலை. வலியில்லாத பூனையின் காது முன்னோக்கி நிமிர்ந்திருக்கும். வலி கூடினால் இரண்டு காதும் விலகி வெளிப்பக்கம் திரும்பித் தாழும். கண் இடுங்கும். உருண்டையாக இருந்த மூக்கு வாய்ப் பகுதி இறுகி நீள்வட்டமாகும். தளர்ந்து வளைந்திருக்கும் மீசை விறைத்து நேராகும். தலை தோளுக்குக் கீழே தொங்கும். இதைப் படித்த பிறகு உங்கள் பூனையின் பழைய புகைப்படங்களை எடுத்துப் பாருங்கள். நலமாக இருந்த நாளின் முகம் மனத்தில் பதிந்துவிட்டால் மாறிய முகம் தானே தெரியும்.

அடுத்தது சாப்பாடு. பெரிய பூனை ஒரு நாள் முழுக்க எதையும் தொடவில்லை என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். குட்டி என்றால் அரை நாளே அதிகம். ‘பசித்தால் தானே சாப்பிடும்’ என்பது பூனைக்குப் பொருந்தாது. பட்டினி கிடக்கும் பூனையின் உடல், கொழுப்பைக் கரைத்துக் கல்லீரலுக்கு அனுப்பும். அதைக் கையாளும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. கொழுப்பு அங்கேயே தேங்கி, சில நாளில் கல்லீரல் செயலிழந்து, ஈறும் காதின் உட்புறமும் மஞ்சளாகிவிடும். கொழுத்த பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். கிண்ணத்தருகே போய் மோந்து பார்த்துவிட்டுத் திரும்புகிறதா, வாயில் எடுத்துக் கீழே போடுகிறதா என்றும் கவனியுங்கள். முன்னது குமட்டலாக இருக்கலாம், பின்னது பல்வலியோ வாய்ப்புண்ணோ. மருத்துவரிடம் இந்த ஒரு வரியைச் சொன்னால் அவர் வேலை பாதியாகக் குறையும்.

உடம்பு சுடவில்லை என்றீர்கள். காதைத் தொட்டோ மூக்கின் ஈரத்தைப் பார்த்தோ காய்ச்சலைச் சொல்ல முடியாது. பூனையின் இயல்பான வெப்பநிலை 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். நம் கைக்கு அது எப்போதும் வெதுவெதுப்பாகத்தான் இருக்கும். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பதே கணக்கு. அதை மருத்துவரிடம் விட்டுவிடலாம். வீட்டில் செய்யக்கூடியவை இரண்டு. ஒன்று, பூனை நன்றாகத் தூங்கும்போது விலா ஏறி இறங்குவதை முப்பது விநாடி எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். பல முறை எண்ணியும் முப்பதைத் தாண்டினால் இதயத்தையோ நுரையீரலையோ பரிசோதிக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருக்கும் பூனை நாயைப் போல வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எண்ணிக்கொண்டு நிற்காமல் தூக்கிக்கொண்டு ஓடுங்கள். இன்னொன்று, உதட்டை உயர்த்தி ஈறைப் பாருங்கள். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். விரலால் அழுத்தி எடுத்தால் வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வர வேண்டும். வெளிறியிருந்தால் இரத்தசோகை, உண்ணியும் தெள்ளும் மொய்த்த குட்டிகளிடம் இதை அடிக்கடி பார்க்கிறேன். மஞ்சள், நீலம், பழுப்பு எதுவானாலும் அன்றே மருத்துவர். செம்பூனைகளுக்கு மட்டும் வயதாக ஆக ஈறிலும் உதட்டிலும் மிளகு தூவியதுபோலக் கரும்புள்ளிகள் வரும். தட்டையாக இருக்கும்வரை அவற்றால் கெடுதலில்லை.

பழுப்பு ஈறு என்றதும் ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். காய்ச்சல் என்று நினைத்துப் பூனைக்குப் பாராசிட்டமால் கொடுத்துவிடாதீர்கள். கால் மாத்திரைகூட வேண்டாம். நம் உடல் அந்த மருந்தைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றும் வழி பூனையின் கல்லீரலில் மிகவும் பலவீனம். சில மணி நேரத்தில் இரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் திறனை இழந்து, ஈறு பழுப்பாகி, முகமும் பாதமும் வீங்கி, மூச்சுத் திணறும். அந்த நஞ்சை முறிக்கும் மருந்து உண்டு. ஆனால் உடனே போனால்தான் அது உதவும். தெரியாமல் கொடுத்துவிட்டால் மருத்துவரிடம் மறைக்காதீர்கள், அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள். நாய்க்கென்று விற்கும், பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி கலந்த உண்ணி மருந்தும் அப்படியே. பூனைக்குத் தடவினால் நடுக்கமும் வலிப்பும் வரும். தரையைப் பினாயில் போட்டுத் துடைக்கும் வீடுகளில், ஈரம் காயும்முன் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கும் கெடுதல்.

வாந்தியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எப்போதாவது முடி உருண்டையைக் கக்குவது இயல்பு. ஒரே நாளில் பல முறை எடுத்தாலும், இரத்தம் இருந்தாலும், சோர்ந்து படுத்தாலும் காட்ட வேண்டும். நம் வீடுகளில் தனியாகக் கவனிக்க வேண்டியது நூல். பூத்தொடுக்கும் நூலும் தையல் நூலும் பூனைக்கு விளையாட்டுப் பொருள். விழுங்கிய நூலின் ஒரு முனை நாக்கின் அடியில் சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் இறங்கிக் குடலைச் சுருக்கி அறுக்கும். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். அப்படியே கொண்டுபோங்கள். இன்னொன்று, கழுத்தை நீட்டித் தரையோடு குனிந்து இருமிவிட்டு எதையும் கக்காமல் எழுந்து போகும் பூனைக்கு முடி உருண்டை இல்லை, ஆஸ்துமாவாக இருக்கலாம். அதைக் கைபேசியில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மருத்துவமனை மேசையில் அது இருமாது.

திடீரென்று பின்னங்கால் இரண்டும் இழுபட்டு, தொட்டால் சில்லிட்டு, பூனை அலறினால் இரத்தக்கட்டி பெருந்தமனியில் அடைத்திருக்கும். மாடியிலிருந்து விழுந்திருக்கும் என்று நினைத்துக் காத்திருக்கக் கூடாது.

வயதான பூனைகளிடம் நோய் மெதுவாக வரும். பத்து வயதைத் தாண்டிய பூனை அதிகமாகத் தண்ணீர் குடிக்கிறது, குளியலறை வாளியைத் தேடிப் போகிறது என்றால் சிறுநீரகத்தை நினைக்க வேண்டும். நன்றாகச் சாப்பிட்டும் இளைத்தால் தைராய்டு அல்லது சர்க்கரை. ஜன்னலுக்குத் தாவியது இப்போது நாற்காலி வழியாக ஏறுகிறது என்றால் மூட்டுவலி. முதுகுப் பக்கம் முடி சடையாகிப்போனால், திரும்பி நக்க முடியாமல் வலிக்கிறது என்று பொருள். நான்கு கிலோ பூனை நானூறு கிராம் குறைந்தால் உடலில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது. அடர்ந்த முடிக்குள் அது கண்ணுக்குத் தெரியாது. மாதம் ஒரு முறை பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, பிறகு நீங்கள் மட்டும் ஏறி, வித்தியாசத்தை நாட்காட்டியில் எழுதி வையுங்கள்.

இப்போது உங்கள் வீட்டுக் குட்டிக்கு வருவோம். இந்த வயதில் எனக்குப் பெரிய பயம் பான்லூகோபீனியா என்ற வைரஸ் நோய். நேற்று வரை ஓடி விளையாடிய குட்டி இன்று தண்ணீர்க் கிண்ணத்தின் மேல் தலையைத் தொங்கப்போட்டு, குடிக்காமல் உட்கார்ந்திருக்கும். வாந்தியும் கழிச்சலும் தொடங்கினால் ஓரிரு நாளில் கைவிட்டுப் போய்விடும். தடுப்பூசி இருக்கிறது: எட்டு வாரத்தில் முதல் ஊசி, பன்னிரண்டு வாரத்தில் அடுத்தது, பதினாறு வாரத்தில் இன்னொன்று. மூன்று மாதம் ஆனதும் வெறிநாய்க்கடி நோய்க்கான ஊசி. உங்கள் குட்டிக்கு இரண்டு மாதம் என்றால் முதல் ஊசிக்கான நேரம் இந்த வாரமே. பசும்பால் வேண்டாம், பெரும்பாலான பூனைகளுக்குக் கழிச்சலாகும். கடுவனாக இருந்தால் உலர்தீனியை மட்டும் போடாமல், வேகவைத்த மீனும் கோழியும் அந்தத் தண்ணீரோடு சேர்த்துக் கொடுத்துப் பழக்குங்கள்; வெங்காயம், பூண்டு, உப்பு வேண்டாம். உடம்பில் நீர் கூடினால் அடைப்புக்கு வாய்ப்பு குறையும்.

தஞ்சாவூர் மாவட்டத்தில், ஒரத்தநாட்டில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. உங்கள் ஊர் மருத்துவரின் எண்ணோடு, இரவில் திறந்திருக்கும் இடம் எது என்பதையும் இப்போதே விசாரித்து எழுதி வையுங்கள். மூடியுள்ள கூடை ஒன்று வாங்கி, குட்டி படுக்கும் பழைய துணியை அதில் விரித்து, வீட்டுக்குள்ளேயே திறந்து வைத்துவிடுங்கள். அது தானாகப் போய் அதில் தூங்கப் பழகிவிட்டால், அவசர இரவில் கட்டிலடியில் கைவிட்டு இழுக்க வேண்டியிருக்காது.